35 சென்ட் வாழைப்பழம்: கலை உலகத்தை வைத்து நையாண்டி நாடகம் எழுத வருகிறவர்களுக்கு

சமகாலக் கலையைக் கிண்டல் செய்து ஒரு நாடகம் எழுதப் போகிறேன் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே காட்சியோடுதான் வருகிறார்கள். சுவரில் வெறும் கேன்வாஸ். "இது என்ன?" "மாடு புல் மேயுது." "புல் எங்கே?" "மாடு தின்னுடுச்சு." "மாடு எங்கே?" "புல் இல்லாத இடத்துல மாட்டுக்கு என்ன வேலை?"

நம் அப்பா காலத்திலேயே பழசாகிவிட்ட ஜோக் இது. இரண்டு நிமிடம் தாங்கும், நாற்பது நிமிடம் தாங்காது. அதில் ஓவியர் ஒருவர் மட்டும் இருக்கிறார், கலை உலகம் இல்லை. விலை சொல்கிறவர், விளக்கம் எழுதுகிறவர், வாங்குகிறவர், காவல் நிற்கிறவர், தரை துடைக்கிறவர், ஒன்றும் புரியாமல் தலையாட்டுகிறவர் எல்லோரும் சேர்ந்ததுதான் கலை உலகம். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே பயம். "எனக்குப் புரியல" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. உங்கள் நாடகம் ஓட வேண்டிய எரிபொருள் அந்தப் பயம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சமகாலக் கலை பிடிக்கும். பிடிக்காதவர் எழுதினால் அது திட்டாகத்தான் வரும், நையாண்டியாக வராது. உங்களுக்கு அடியோடு பிடிக்காது என்றால் வேறு களத்தை எடுங்கள்.

முதல் வேலை: மூன்று முறை போய்ப் பாருங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் சமயமாக இருந்தால் ரயில் ஏறிவிடுங்கள். ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளுக்குள் இரண்டு நாள் நடந்தால் ஒரு வருடத்துக்கான பாத்திரங்கள் கிடைப்பார்கள். தனியார் கேலரிகளுக்குள் நுழையக் கூச்சப்படாதீர்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, யாரும் துரத்தவும் மாட்டார்கள்.

ஒரே கண்காட்சிக்கு மூன்று முறை போக வேண்டும். முதல் முறை ஓப்பனிங் அன்று மாலை. அன்று படங்களைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். எவ்வளவு நேரம் படத்தின் முன் நிற்கின்றன, எவ்வளவு நேரம் பக்கத்திலுள்ள விவரச் சீட்டின் முன் நிற்கின்றன என்று எண்ணுங்கள். விலைப் பட்டியல் எங்கே இருக்கிறது, அதை யார் கேட்டு வாங்குகிறார்கள், யார் கேட்கத் தயங்குகிறார்கள், படம் விற்றுவிட்டதைக் காட்டும் சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டப்படும்போது பக்கத்துப் படத்தின் ஓவியர் முகம் எப்படி மாறுகிறது, இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை வார நடுவில், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். காவலாளியும் நீங்களும் மட்டும் இருப்பீர்கள். அவரோடு பேசுங்கள். எட்டு மணி நேரம் அந்தப் படங்களோடு இருப்பவர் அவர்தான். எது பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லக் கொஞ்சமும் யோசிக்க மாட்டார்.

மூன்றாவது முறை, அனுமதி கேட்டு, கண்காட்சியைக் கழற்றும் நாளில் போங்கள். அன்று நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், டார்ச் பிடித்த ஒரு பையன். டார்ச்சைப் படத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் சாயத்தின் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழும்பி வரும். "கீழ் வலது மூலை. கீறல். 4 மில்லிமீட்டர்." "பழசா புதுசா?" "வந்தப்பவே இருந்துச்சு, போட்டோல இருக்கு பாருங்க." கண்டிஷன் ரிப்போர்ட் என்பது இதுதான். ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஓப்பனிங் அன்று வந்தவர்களில் அந்தப் படத்தை இருபது நிமிடம் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் கவனத்தை நேரில் பார்த்த பிறகு எழுதுகிற நையாண்டிக்கு வேறு எடை வரும்.

அடுத்து: நடந்தவற்றைப் படியுங்கள், ஆனால் கேமரா திரும்பாத பக்கத்தைத் தேடுங்கள்

கற்பனையைவிட நடந்தது பெரிதாக இருக்கும் துறை இது. சில சம்பவங்களையாவது விவரமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாழைப்பழத்தில் தொடங்குவோம். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தேலான் 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த ஆர்ட் பேசல் கண்காட்சியில் ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல் நிற டக்ட் டேப்பால் சுவரில் ஒட்டினார். பெயர் 'காமெடியன்', விலை 1,20,000 டாலர். நிகழ்த்துகலைக் கலைஞர் ஒருவர் வந்து பழத்தை உரித்துத் தின்றார். கேலரி இன்னொரு பழத்தை ஒட்டியது. 2023இல் சியோலில் ஒரு மாணவர் பசிக்கிறது என்று தின்றுவிட்டுத் தோலை மட்டும் திரும்ப ஒட்டிவைத்தார். 2024 நவம்பரில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் அதே படைப்பின் ஒரு பிரதி, கட்டணம் உட்பட 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன். சில நாள் கழித்து ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டி அவரும் தின்றார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதை அப்படியே மேடையேற்றினால் செய்தி வாசித்த மாதிரிதான் இருக்கும். கேமரா திரும்பாத பக்கம் ஒன்று உண்டு. ஏலம் போன அந்தப் பழம், ஏலக்கூடத்துக்கு வெளியே நடைபாதைக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து போன 74 வயதுப் பெரியவர். கடைகூட அவருடையது இல்லை, மணிக்கு 12 டாலர் சம்பளத்துக்கு நின்றவர். பழம் என்ன விலைக்குப் போனது என்று ஒரு செய்தியாளர் போய்ச் சொன்னபோது அவர் அழுதார். விஷயம் பத்திரிகையில் வந்ததும், அந்தக் கடையிலிருந்து ஒரு லட்சம் வாழைப்பழம் வாங்கிக்கொள்கிறேன் என்று சன் அறிவித்தார். அப்படி வாங்கினாலும் லாபம் கடை முதலாளிக்குத்தான் போகும்.

நாடகம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. பணம் கொடுத்தவர், பணம் பெற்றவர், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாமல் நின்றவர் என்று எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். மூன்றாமவர் கிடைத்துவிட்டால் உங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது.

அந்தப் படைப்பை வாங்குகிறவருக்கு உண்மையில் கிடைப்பது ஒரு சான்றிதழும் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழம் கறுத்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே பழத்தைத் தின்றவர் யாரும் படைப்பைத் தின்னவில்லை. "இதெல்லாம் ஒரு கலையா" என்று முடித்துவிடாதீர்கள். இப்படி ஒரு காட்சியை யோசியுங்கள்: ஒரு வீட்டில் இரண்டு வாழைப்பழம், ஒரு சான்றிதழ். பழத்தைக் குழந்தை தின்றால் யாரும் கலங்குவதில்லை, சான்றிதழில் காபி கொட்டினால் வீடே அலறுகிறது. விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்குத்தான் இந்தக் காட்சி தோன்றும்.

விதி என்றதும் 1917 நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர் சங்கம் ஒரு கண்காட்சி அறிவித்தது. தேர்வுக் குழு கிடையாது, ஆறு டாலர் கட்டினால் யாருடைய படைப்பும் காட்டப்படும் என்றது. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப், ஆண்கள் கழிப்பறையில் வைக்கும் பீங்கான் சிறுநீர்க் கலம் ஒன்றில் 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவரே அந்தச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தவர். எதையும் மறுக்க மாட்டோம் என்ற சங்கம் கூடிப் பேசி அதை மட்டும் காட்டாமல் விட்டது. அசல் தொலைந்து போனது. இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருப்பவை பெரும்பாலும் 1964இல் அவர் சம்மதத்தோடு செய்த பிரதிகள். 2006இல் பாரிஸில் ஒருவர் சுத்தியலால் அந்தப் பிரதிகளில் ஒன்றை அடித்துச் சேதப்படுத்தி வழக்கையும் சந்தித்தார். கலத்தைக் கிண்டல் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. சங்கம் தானே போட்ட விதியில் தானே இடறி விழுந்த அந்தக் கூட்டம் இருக்கிறதே, அதைக் காட்சியாக எழுதுங்கள்.

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரச் சம்பவத்தையும் பாருங்கள். உழைப்பும் கூலியும் பற்றிய கண்காட்சி ஒன்றுக்காக அருங்காட்சியகம், யென்ஸ் ஹானிங் என்ற கலைஞருக்கு ஐந்து லட்சம் குரோனருக்கு மேல் ரொக்கம் கொடுத்தது. சராசரி டென்மார்க்காரர் ஒருவரின், சராசரி ஆஸ்திரியர் ஒருவரின் ஆண்டு வருமானங்களை நோட்டுகளாகவே இரண்டு சட்டகங்களில் ஒட்டிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. 2021இல் வந்து சேர்ந்தவை இரண்டு வெற்றுச் சட்டகங்கள். படைப்பின் பெயர் 'பணத்தை எடுத்துக்கொண்டு ஓடு'. அருங்காட்சியகம் அவற்றை மாட்டிக் கண்காட்சியும் நடத்தியது, பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கும் போட்டது. 2023இல் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், படைப்பு காட்சிக்கு வைக்கப்பட்டதால் கலைஞருக்கான கட்டணம் 40,000 குரோனரைக் கழித்துக்கொண்டது. அருங்காட்சியக இயக்குநரின் ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அந்தப் படைப்பைப் பாராட்டிப் பேச வேண்டும், மாலையில் வக்கீலிடம் அதே படைப்பு மோசடி என்று சொல்ல வேண்டும். இரண்டும் அவருக்கு உண்மை. நல்ல நடிகர் கையில் கிடைத்தால் அள்ளிக்கொண்டு போவார்.

பணம் எப்படி நகர்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. கல்யாண வீட்டுச் செலவு தெரியாதவர் கல்யாண நாடகம் எழுத முடியாது. இதுவும் அப்படித்தான்.

கேலரி ஒரு படத்தை விற்றால் பெரும்பாலும் பாதி கேலரிக்கு, பாதி கலைஞருக்கு. ஃப்ரேம், வண்டி வாடகை போன்றவற்றை யார் ஏற்பது என்பதில்தான் சண்டை வரும். அந்தப் படம் பிறகு ஏலத்தில் பத்து மடங்குக்குப் போனால் அந்த லாபம் விற்றவருக்கு. கலைஞருக்குச் சட்டப்படி ஒரு சிறு பங்கு கொடுக்கும் நாடுகள் உண்டு, கொடுக்காத நாடுகளும் உண்டு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை ஒன்று, அதன்மேல் ஏலநிறுவனம் வாங்குகிறவரிடம் பெறும் கட்டணம் தனி. விற்பவர் தன் படத்துக்கு ரகசியமாக ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருப்பார். அந்த விலை வரும்வரை, கை தூக்க ஆள் இல்லாவிட்டாலும் ஏலக்காரரே கூடத்தின் ஏதோ ஒரு மூலையைப் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் இருக்கிறது. தொழிலில் இதற்கு 'சாண்டலியர் பிட்' என்று பெயர், கூரையில் தொங்கும் சரவிளக்கு ஏலம் கேட்கிறதாம். மேடையில் ஒரே ஒரு விளக்கையும் ஒரு ஏலக்காரரையும் வைத்து ஐந்து நிமிடக் காட்சி எழுதிப் பழகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் வேறு. புகழ் ஏறிக்கொண்டிருக்கும் கலைஞரின் படத்தைக் காசு இருக்கிற எல்லோருக்கும் கேலரி விற்காது. வாங்கி ஆறே மாதத்தில் ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் வாங்க வருகிறவரை விசாரிப்பார்கள், காத்திருக்க வைப்பார்கள், சீக்கிரம் விற்க மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உடனே நம் பெண் பார்க்கும் சடங்குதான் தோன்றியது. அந்தப் பொருத்தத்தில் எழுதிய துண்டு இது:

கேலரி அம்மா: உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?

வந்தவர்: நான், என் மனைவி, ரெண்டு பசங்க, எங்க அம்மா...

கேலரி அம்மா: ஆர்ட்டிஸ்ட்டைக் கேட்டேன் சார். சுவர்ல யார் யார் இருக்காங்க?

வந்தவர்: (தயங்கி) ஹால்ல அப்பா போட்டோ இருக்கு மேடம். மாலை போட்டு.

கேலரி அம்மா: (குறித்துக்கொண்டே) போட்டோகிராஃபி. சரி.

வந்தவர்: பணம் இன்னிக்கே ஆர்.டி.ஜி.எஸ். பண்ணிடறேன் மேடம்.

கேலரி அம்மா: பணம் எல்லார்கிட்டயும் இருக்கு சார். அஞ்சு வருஷத்துக்கு வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு எழுதித் தரணும்.

மனைவி: (கணவரிடம்) நம்ம பொண்ணைக் கொடுக்கும்போது இப்படி ஒண்ணு எழுதி வாங்கத் தோணலையேங்க.

கேலரி அம்மா: (எழுந்து, கைகூப்பி) கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்.

இதில் நடைமுறைக்கு ஒவ்வாத வரி ஒன்றும் இல்லை. நடக்கிற வழக்கத்தை நம் வீட்டு வரவேற்பறையில் கொண்டுவந்து வைத்ததுதான் நான் செய்த வேலை. நீங்களும் தொழிலின் ஒரு வழக்கத்தை எடுத்து, நம்மிடம் அதற்கு ஒத்த சடங்கு எது என்று தேடுங்கள். கண்டிஷன் ரிப்போர்ட்டை நகைக்கடையில் பழைய நகை எடை போடும் காட்சியோடு வைத்துப் பாருங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

என் முதல் நாடகத்தில் கிண்டலுக்கு ஆளானவர் ஓவியர். துடைப்பத்தைச் சாயத்தில் தோய்த்துக் கேன்வாஸில் அடிப்பார், மூன்று லட்சம் கேட்பார். கூட்டம் நன்றாகச் சிரித்தது. முடிந்து வெளியே வந்தபோது வயதான ஓவியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மூணு வருஷமா என் படம் ஒண்ணும் போகல. ஃப்ரேம் போட்ட கடன் இன்னும் நிக்குது. அவங்க சிரிச்சது என்னைப் பார்த்துத்தானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஓவியர் பாத்திரத்தை அன்றிரவே எடுத்துவிட்டேன்.

விலை வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் பார்த்துச் சிரிக்க வையுங்கள். ஓவியர்களில் மிகச் சிலரிடம்தான் அது இருக்கிறது. அவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

துப்புரவுத் தொழிலாளி விஷயத்திலும் கவனம் வேண்டும். 2011இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அருங்காட்சியகத்தில் மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பு ஒன்றில் ரப்பர் தொட்டிக்குள் காய்ந்த மழைத்தண்ணீர்க் கறைபோலத் தீட்டியிருந்த சாயத்தை, கறை என்றே நினைத்து ஒரு பெண் தேய்த்துக் கழுவிவிட்டார். காப்பீட்டு மதிப்பு 8 லட்சம் யூரோ. 2015இல் இத்தாலியின் போல்சானோவில் காலி ஷாம்பேன் புட்டிகளும் காகிதத் துணுக்குகளுமாகக் கிடந்த படைப்பைப் பெருக்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டார்கள். இந்தச் செய்திகளைக் கேட்டதும் "பாவம், படிக்காதவங்க" என்று தொழிலாளியைச் சிரிப்புப் பொருளாக்குவதுதான் முதலில் தோன்றும். அந்தப் பாதையில் போகாதீர்கள். போல்சானோ படைப்பு 1980களின் இத்தாலிய அரசியல்வாதிகள் நடத்திய ஆடம்பர விருந்துகளைப் பற்றியது. அந்த விருந்துகள் முடிந்த மறுநாள் காலையிலும் இப்படி யாரோ ஒருவர்தான் பெருக்கியிருப்பார். அந்தக் கூடத்தில் படைப்பை அது சொன்னபடியே நம்பியவர்கள் அந்தத் துப்புரவாளர்கள்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கிறது: தெருக்கூத்தின் கட்டியங்காரன். ராஜாவை வரவேற்கிறவனும் அவன், ராஜாவைக் கேலி செய்கிறவனும் அவன், நடுநடுவே நம் பக்கம் திரும்பிப் பேசுகிறவனும் அவன். கேலரியின் காவலாளியையோ துப்புரவுப் பெண்ணையோ கட்டியங்காரன் இடத்தில் நிறுத்துங்கள். விருந்தினரை அறிவிக்கட்டும், விலையை உரக்கப் படிக்கட்டும், பார்வையாளரிடம் நேராகக் கேள்வி கேட்கட்டும். நாடகத்தின் முதுகெலும்பு நிமிர்ந்துவிடும்.

விளக்கச் சீட்டின் மொழி

"இப்படைப்பு உடலின் நினைவுக்கும் வெளியின் மறதிக்கும் இடையிலான இடைவெளியைக் கேள்விக்குட்படுத்துகிறது." இப்படி ஒரு வரி எழுத உங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேலரிகளின் அறிக்கைகளில் வரும் ஆங்கிலத்தை ஆராய்ந்து 2012இல் இருவர் எழுதிய கட்டுரை, அதற்குச் 'சர்வதேசக் கலை ஆங்கிலம்' என்று பெயரே வைத்தது. தமிழில் நமக்குச் சிறுபத்திரிகைகளில் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் பேசிய காலத்துச் சொற்கள் அப்படியே கைவசம் இருக்கின்றன: கட்டுடைத்தல், பிரதி, விளிம்பு, மற்றமை, இருப்பு. அந்தச் சொற்களை உழைத்து உருவாக்கியவர்களை நான் மதிக்கிறேன். சொல்ல விஷயம் இல்லாத இடத்தில் அவற்றை அடுக்குகிற வேலைதான் நம் இலக்கு.

கடினமான வார்த்தைகளைக் கொட்டினால் முதல் முறை சிரிப்பார்கள், மூன்றாம் முறை கொட்டாவி விடுவார்கள். அந்த வரியை வைத்து ஏதாவது நடக்க வேண்டும். நான் செய்யச் சொல்வது இந்தப் பயிற்சி. வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கு எட்டு வரியில் ஒரு விளக்கச் சீட்டு எழுதுங்கள், குடம் என்ற சொல் வராமல். அதே சீட்டைக் குடைக்கும், தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் பொருந்தினால் அதை மேடைக்குக் கொண்டுபோகலாம். காட்சி நடுவில் சீட்டுகள் இடம் மாறிவிட, யாரும் கவனிக்காமல் அதே பாராட்டைத் தொடரட்டும். குடத்துக்கு மட்டும்தான் பொருந்துகிறது என்றால் நீங்கள் உண்மையிலேயே ஒரு நல்ல குறிப்பு எழுதிவிட்டீர்கள். அதை நாடகத்தில் வீணாக்காமல் எடுத்து வையுங்கள்.

மேடையில் அந்தப் 'படைப்பு'

பார்வையாளருக்குக் காட்டுவதா வேண்டாமா என்று குழப்பம் வரும். காட்டுங்கள். யாஸ்மினா ரேஸா எழுதி 1994இல் பாரிஸில் மேடையேறிய 'ஆர்ட்' நாடகத்தில் மூன்று நண்பர்களும் ஒரு வெள்ளைக் கேன்வாஸும்தான். ஓவியரே மேடைக்கு வருவதில்லை. இரண்டு லட்சம் ஃபிராங்க் கொடுத்து ஒருவர் வாங்கிய அந்தப் படம் மூவரின் நட்பையும் பிய்த்துப் போடுகிறது. கிண்டலுக்கு உள்ளே ஒரு உறவு அறுபட வேண்டும் என்பதை அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கண்டதையும் கிறுக்கி மாட்டாதீர்கள். கொஞ்சம் நன்றாகவே இருக்கிற ஒன்றைச் செய்யுங்கள், முடிந்தால் நிஜ ஓவியர் ஒருவருக்குப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். "இது நல்லாத்தானே இருக்கு?" என்று பார்வையாளருக்கும் ஒரு சந்தேகம் வந்தால்தான் அவரும் அந்தப் பயத்துக்குள் வருவார். மாட்டும் உயரத்திலும் அக்கறை காட்டுங்கள். கேலரிகளில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில், கண்மட்டத்தில் இருக்கும். நம் வீட்டில் சாமி படம் மாட்டுவதுபோல உச்சியில் மாட்டினால், தொழில் தெரிந்தவர் யாராக இருந்தாலும் திரை விலகிய மறுகணமே உங்களை நம்ப மாட்டார்.

முடிவு

தெனாலிராமன் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் வரைந்த உருவத்தைப் பார்த்து மறுபக்கம் எங்கே என்று ராமன் கேட்க, அதை நீதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று பதில் வரும். பிறகு அவனே அரண்மனைச் சுவரெல்லாம் கையும் விரலும் நகமுமாகத் தனித்தனியே வரைந்து வைத்துவிட்டு, மீதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்பான். புதியவர்கள் எழுதும் நாடகங்களும் இப்படித்தான் முடிகின்றன: வரைந்தது குழந்தை, வரைந்தது குரங்கு, எல்லோரும் ஏமாந்தார்கள், திரை.

குரங்கு நிஜமாகவே வரைந்த கதை உண்டு. 1964இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு செய்தியாளர், உயிரியல் பூங்காவிலிருந்த பீட்டர் என்ற சிம்பன்சி தீட்டிய படங்களைப் 'பியர் பிராசோ' என்ற பிரெஞ்சுக் கலைஞர் பெயரில் கண்காட்சியில் வைத்தார். விமர்சகர் ஒருவர் மனமாரப் பாராட்டி எழுதினார். உண்மை வெளிவந்த பிறகு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தக் கண்காட்சியில் சிறந்தவை அந்தப் படங்கள்தான் என்று நின்றார். நான் அந்த மனிதரிடம் போய் நாடகத்தை முடிப்பேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் தனியாக அந்தப் படத்தின் முன் நின்று மறுபடியும் பார்க்கிறார். அவர் பிடிவாதக்காரரா, நேர்மையானவரா? பதில் சொல்லாமல் விளக்கை அணைக்கலாம். குட்டு வெளிப்படுவதை நடுவில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுத உங்களுக்கு இடம் கிடைக்கும்.

மேடைக்கு முன்

உயிரோடிருக்கும் யாருடைய பெயரையும் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள், அடையாளம் தெரிகிற மாதிரி கேலரியையும் வைக்காதீர்கள். நம் ஊரில் இது சிறிய வட்டம், அவதூறு வழக்கு வரை போகும்.

எழுதி முடித்ததும் இரண்டு பேரை உட்காரவைத்து வாசியுங்கள். ஒருவர் கேலரியில் வேலை செய்கிறவர், இன்னொருவர் வாழ்நாளில் கேலரிக்குள் கால் வைக்காதவர். இருவரும் சிரித்த இடங்களைத் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். முதலாமவர் மட்டும் சிரித்த இடம் துறைக்குள் பேசுகிற பேச்சாகிவிட்டது, அதைப் பொதுவில் புரிகிற மாதிரி திருத்துங்கள். இரண்டாமவர் மட்டும் சிரித்த இடத்தில் பெரும்பாலும் ஒரு தகவல் பிழை இருக்கும், அதைச் சரிபாருங்கள். இருவரும் சேர்ந்து சிரித்த இடங்களைத் தொடாதீர்கள்.

கடைசி ஒத்திகைக்கு, அரங்கத்தைத் துப்புரவு செய்கிற அம்மாவை அழைத்து முதல் வரிசையில் உட்காரவையுங்கள். மேடையில் கிடக்கும் பொருள்களில் எது நாடகத்துக்கு வேண்டியது, எது குப்பை என்று அவரிடம் காட்டிச் சொல்ல வேண்டும் என்பது ஒரு காரணம். எங்கள் ஒத்திகைக்கு வந்த அம்மா முழுவதும் பார்த்துவிட்டு, எங்கள் கட்டியங்காரியிடம், "எல்லாம் சரிதான் கண்ணு. ஆனா மாப் போட்டு ஈரம் காயறதுக்குள்ள யாராச்சும் செருப்போட நடந்து வருவாங்க. அதை நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்றார். அந்த வரியை அன்றே சேர்த்தோம். ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் அந்த இடத்தில் கை தட்டுகிறார்கள்.